அஞ்சுல ஒண்ணு குறையுது!

எங்க ஊர் சாத்தூர். பேரைக் கேட்டதுமே உங்க நாக்குல காராசேவு ஞாபகம் வந்திருக்குமே! அதுக்கு அடுத்து வெள்ளரிக்காய். அப்புறம் தீப்பெட்டி, பட்டாசு. கொஞ்சம் வயசான ஆளா இருந்தா பேனா நிப்பு. இந்தப் பட்டியல்ல எங்கேயும் நத்தை கிடையாது. ஆனா, ரெண்டு வருஷமா எங்க தெருவுல எனக்கு வெச்சிருக்கிற பேரே 'நத்தை'தான்!

காலேஜ் பஸ்ஸை தினமும் கோட்டை விடுறதால வந்த பேர்னு நினைச்சுடாதீங்க. (அதுவும் ஒரு காரணம்தான், விடுங்க!) நான் நத்தை வளர்த்தவன். ஒண்ணு, ரெண்டு இல்லை... நாலு வகை நத்தை, மொத்தம் பதினெட்டு உருப்படி, எல்லாம் ஒரே பெட்டியில!

நாய் வளர்த்தா கௌரவம். லவ் பேர்ட்ஸ் வளர்த்தா அழகு. சண்டை மீன் வளர்த்தா கெத்து. நத்தை வளர்த்தா மட்டும் லூஸா? இப்படித்தான் நானும் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். ஒருநாள் எங்க வீட்டுல அந்த 'ஜவ்வரிசி' மேட்டர் வெடிக்கிற வரைக்கும்!

அம்மாவும் கல் உப்பும்

ஐப்பசி மாசம். எங்க கரிசல் பூமியை மழை எட்டிப் பார்க்கிற சீஸன். பட்டாசு ஆபீஸ்காரங்க, "தீபாவளி முடியட்டும் சாமி"ன்னு வானத்தைப் பார்த்துக் கும்பிடுவாங்க. சம்சாரிங்க, "இப்பவே ஊத்து சாமி"ன்னு கும்பிடுவாங்க. அந்த வருஷம் சாமி சம்சாரிங்க கட்சி. ராத்திரி பூரா ஊத்து ஊத்துன்னு ஊத்திருச்சு.

காலையில பின்வாசல்ல பல் தேய்க்கப் போனா, அம்மா கையில கல் உப்புப் பாக்கெட். துவைக்கிற கல்லைச் சுத்தி ஏழெட்டு நத்தைங்க. அம்மா ஆசையா வளர்த்த கீரைப் பாத்தியை ஒரே ராத்திரியில மொட்டையடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சுங்க. அம்மா ஒரு கை உப்பை அள்ளி முதல் நத்தை மேல போட்டாங்க. அது சுருண்டு, துடிச்சு, அப்படியே நுரையா பொங்குச்சு.

நத்தையோட தோல் எப்பவும் ஈரம். உப்பு பட்டதும் உடம்புக்குள்ள இருக்கிற தண்ணி வெளியே இழுபட ஆரம்பிச்சுடும். தப்பிக்கிறதுக்காக அது கோழையைக் கக்கும். கக்கக் கக்க இன்னும் தண்ணி போகும். கடைசியில காய்ஞ்சே சாகும். காராசேவு தின்னே வளர்ந்தவன் நான். உப்புக்கு இப்படி ஒரு முகம் இருக்குன்னு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

"எம்மா, விடும்மா... நான் எடுத்துட்டுப் போயிடுறேன்!"

"எங்கடா எடுத்துட்டுப் போவ? தூக்கி எறிஞ்சா ராத்திரியே திரும்பி வந்துரும்லே!"

எங்கே கொண்டு போறதுன்னு எனக்கும் தெரியலை. அதனால, தீபாவளிப் பலகாரம் வைக்க வாங்கின பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போட்டேன். மூடியில ஸ்க்ரூ டிரைவரைச் சூடு பண்ணி ஓட்டை போட்டேன். அடியில செம்மண், மேலே காய்ஞ்ச இலை, ஒரு உடைஞ்ச ஓடு. வீடு ரெடி! உயிர் தப்பினது ஆறு பேர். தட்டையா, வெள்ளையா, பழுப்புக் கோடு போட்டு, சுத்திச் சுத்தி வெச்ச முறுக்கு மாதிரியே இருந்ததால மொத்தக் குடும்பத்துக்கும் 'முறுக்கு'ன்னு பேர் வெச்சேன்.

நத்தைகளுக்கு ஒரு சமத்துவபுரம்

நல்ல பேர் எடுக்கிறதுக்குத்தான் நாளாகும். 'நத்தை காப்பவன்'னு பேர் எடுக்க ஒரே வாரம் போதும். கிளாஸ்மேட்ஸ் ஆளுக்கு ஒண்ணா கொண்டு வர ஆரம்பிச்சாங்க.

தெரு முனை வேப்பமரத்துல விரல்நுனி அளவுக்கு வெள்ளை வெள்ளையா கூம்பு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே, பார்த்திருக்கீங்களா? செத்துப்போன வெறும் ஓடுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். அந்த மரத்தோட கிளையை வெட்டிச் சாய்ச்சாங்க. அதுலேர்ந்து அஞ்சைப் பறிச்சு ஈரத்துணி மேல வெச்சேன். அரை மணி நேரத்துல ஒவ்வொண்ணா கொம்பை நீட்டுச்சு! கோடை முழுக்க வாயைக் கோழையால சீல் வெச்சுக்கிட்டு, சாப்பாடு தண்ணி இல்லாம மரத்துலயே தவம் கிடக்கிற ஆளுங்களாம் இவங்க. அதனால பேரு 'மௌன சாமி'.

அடுத்தது, கண்மாயில மீன்வலையில சிக்கின ரெண்டு பெரிய நத்தை. குண்டா, உருண்டையா, பச்சைப் பழுப்பா இருந்துச்சு. இவரோட ஸ்பெஷல் என்னன்னா, ஓட்டுக்கு ஒரு மூடி உண்டு. தொட்டா உள்ளே போய், கதவைச் சாத்திக்குவார். நத்தைகுத்தி நாரைங்க அலகுல இடைவெளி வெச்சுக்கிட்டு கண்மாய் கண்மாயா அலையுறது இவரைத் தேடித்தான். இவருக்கு 'கதவு'ன்னு பேர்.

கடைசியா வந்தவர்தான் நம்ம ஹீரோ. ஒரு நர்சரியில அம்மா வாங்கின குரோட்டன்ஸ் தொட்டி. மண்ணை மாத்துறதுக்காகத் தொட்டியைக் கவிழ்த்தா, வேருக்குப் பக்கத்துல அஞ்சு நத்தை! பம்பரத்தைப் படுக்கப் போட்ட மாதிரி நீள ஓடு. மேலே பழுப்பும் மஞ்சளுமா புலிக்கோடு. வந்த அன்னிக்கே கட்டை விரல் நீளம். ரெண்டே மாசத்துல உள்ளங்கையை அடைக்கிற சைஸ். அதுங்க தின்ன தீனி இருக்கே... சான்ஸே இல்லை! ஒரு முழு வெள்ளரிக்காயை ராத்திரி வெச்சா காலையில தோல் கூட இருக்காது. அப்பா பார்த்துட்டு, "நல்ல ஜமீன் பரம்பரைடா"ன்னார். பேரு நிலைச்சிருச்சு. 'ஜமீன்'!

நாலு வகையும் ஒரே டப்பாவுக்குள்ள. ஒரே வெள்ளரித் துண்டை ஆளுக்கு ஒரு பக்கமா சுரண்டுவாங்க. டப்பா மேல 'சமத்துவபுரம்'னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதி ஒட்டினேன். மனுஷங்க செய்யாததை என் நத்தைங்க செஞ்சு காட்டுதுன்னு ஒரே பெருமை எனக்கு. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். மாமா மகன், ஆறாங்கிளாஸ் படிக்கிற வாண்டு, லீவுக்கு வந்தவன் அழுது அடம்பிடிச்சான். "சரி, வெச்சுக்கோ"ன்னு ரெண்டு ஜமீனை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையே அதுலதான் இருக்கு.

சமத்துவபுரத்துல சண்டை

முதல்ல போனது ஒரு மௌன சாமி. மத்தவங்களுக்காக நான் தினமும் தண்ணி தெளிச்சு டப்பாவை ஈரமாவே வெச்சிருந்தேன். ஆனா, மௌன சாமி மழை நின்னதும் காய்ஞ்ச மரத்துல ஏறித் தூங்குற ஜாதி. அவருக்கு எப்பவும் ஈரம்னா அது வீடு இல்லை, ஜெயில். டப்பா மூடியிலயே போய் ஒட்டிக்கிட்டு இருந்தார். ஒருநாள் ஓட்டுக்குள்ளேர்ந்து நாத்தம் வந்துச்சு.

அடுத்து, ஒரு முறுக்கோட ஓட்டுல வெள்ளையா ஒரு திட்டு. யாரோ அரம் போட்டு ராவின மாதிரி. ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஜமீன் அவர் மேல ஏறி உட்கார்ந்து ஓட்டைச் சுரண்டிக்கிட்டு இருக்கார்! நத்தை நாக்கு வெறும் நாக்கு இல்லை. ஆயிரக்கணக்குல பொடிப் பல் வெச்ச ரம்பம். வேகமா வளர்ற ஜமீனுக்கு ஓடு கட்டுறதுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். கிடைக்கலைன்னா பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டையே சுரண்டித் தின்னும்.

உடனே கிளாஸ்ல சுட்டுட்டு வந்த சாக்பீஸைப் போட்டேன். சீண்டக்கூட இல்லை. அப்புறம்தான் தெரிஞ்சுது, போர்டுல எழுதுற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். நத்தைக்குத் தேவை கால்சியம் கார்பனேட். முட்டை ஓட்டைக் கழுவிப் பொடி பண்ணிப் போட்டேன். நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு விக்கிற கணவா ஓடு வாங்கி வெச்சேன். அதுக்கப்புறம்தான் சுரண்டல் நின்னுச்சு.

கதவு கதை வேற. பூட்டுன கதவை ஒன்பது நாளா திறக்கவே இல்லை. அவர் தண்ணியில வாழ்றவர். கண்மாய் வத்தினா சேத்துக்குள்ள புதைஞ்சு கதவைச் சாத்திக்கிட்டு மாசக்கணக்குல கிடப்பார். என் டப்பாவை 'கண்மாய் வத்திப்போச்சு'ன்னு முடிவு பண்ணிட்டார் மனுஷன்! வாளித் தண்ணியில போட்டதும், கதவைத் திறந்து ஒரு குழலை நீட்டி மூச்சு விட்டார் பாருங்க... எனக்குக் குற்ற உணர்ச்சியில கண்ணு கலங்கிடுச்சு.

நாலு பேரையும் காப்பாத்தினதா நினைச்சேன். உண்மையில நாலு பேருக்கும் பொருந்தாத ஒரே வீட்டைக் கட்டி, அதுக்கு ஒரு அழகான பேரும் வெச்சிருந்தேன்.

ஜவ்வரிசி

மார்கழி கடைசி. அம்மாவோட சத்தம். "டேய்... ஜவ்வரிசியை யாருடா மண்ணுக்குள்ள கொட்டினது?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். டப்பா ஓரத்துல மண்ணைக் கிளறினா, இளமஞ்சளா, பளபளன்னு முட்டைங்க. எண்ண ஆரம்பிச்சேன். 137 வரைக்கும் எண்ணிட்டு நிறுத்திட்டேன். இன்னும் பாதி இருந்துச்சு. எனக்கு ஒரே குஷி! நாலஞ்சு முட்டையும் ஒரு ஜமீனும் டிபன் பாக்ஸ்ல எடுத்துக்கிட்டு, எங்க காலேஜ் விலங்கியல் சாரைப் பார்க்கப் போனேன். பாராட்டுவார்னு நினைச்சுக்கிட்டு.

சார் டிபன் பாக்ஸைத் திறந்தார். சிரிப்பு போயிடுச்சு.

"தம்பி, இதை வெறுங்கையாலயா தொட்டீங்க? முதல்ல போய் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க."

கழுவிட்டு வந்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் சார் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுத்திருச்சு.

என் ஜமீனோட சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. பேரு, ஆப்பிரிக்க ராட்சத நத்தை. உலகத்தோட மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போட்ட பட்டியல்ல இதுக்கும் ஒரு இடம் உண்டு. 500 வகைக்கு மேல செடி கொடி தின்னும். செடி இல்லைன்னா சுவர்ல அடிச்ச சுண்ணாம்பையும் சுரண்டும். ஒவ்வொரு நத்தையும் ஆணும்தான், பெண்ணும்தான். ஒரு தடவைக்கு நூறு, இருநூறுன்னு முட்டை போடும். ஒருமுறை இணை சேர்ந்தா போதும். விந்தணுவை உடம்புக்குள்ளேயே பத்திரப்படுத்தி வெச்சு, மாசக்கணக்கா தனியாவே முட்டை போட்டுக்கிட்டு இருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எலி நுரையீரல் புழுன்னு ஒரு ஒட்டுண்ணி. எலியோட எச்சத்துலேர்ந்து நத்தைக்கு வரும். நத்தையைப் பச்சையா தின்னாலோ, நத்தை ஊர்ந்த கீரையைச் சரியா கழுவாம தின்னாலோ மனுஷனுக்கும் வரலாம். வந்தா மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகும். ஆஸ்திரேலியாவுல 2010-ல் ஒரு பையன் ஃப்ரெண்ட்ஸோட விளையாட்டா ஓடில்லாத நத்தை ஒண்ணை விழுங்கினான். கோமாவுக்குப் போய், உடம்பு செயலிழந்து, 2018-ல் இறந்தே போனான். பந்தயம், சவால்னு அலையுற நம்ம பசங்க கொஞ்சம் யோசிங்க!

"இது எப்படி சார் இந்தியாவுக்கு வந்துச்சு?"ன்னு கேட்டேன்.

சார் என்னையே பார்த்தார். "உங்களை மாதிரி ஒருத்தர் கொண்டு வந்தார்."

வில்லியம் பென்சன். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. நத்தைன்னா உயிர். 1847-ல் மொரீஷியஸ்லேர்ந்து கல்கத்தாவுக்கு ஆசையா ரெண்டு உயிருள்ள நத்தைகளைக் கொண்டு வந்திருக்கார். ஊரை விட்டுப் போறப்போ தெரிஞ்சவர்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டார். அவர் சௌரங்கியில தோட்டத்துல விட்டுட்டார். அவ்வளவுதான் கதை!

அமெரிக்காவுல நடந்தது அதைவிட சினிமா. 1966-ல் ஒரு சின்னப் பையன் ஹவாய்லேர்ந்து மயாமிக்கு மூணு நத்தை கொண்டு வந்தான். அவனோட பாட்டி அதைத் தோட்டத்துல விட்டுட்டாங்க. ஏழு வருஷத்துல 18,000-க்கு மேல ஆயிருச்சு! 1975-ல் ஒழிச்சாச்சுன்னு அறிவிக்கிறதுக்குள்ள பத்து லட்சம் டாலர் காலி. அதோட முடிஞ்சதா? 2011-ல் மறுபடி தலைகாட்டி, நாயை வெச்சு மோப்பம் பிடிச்சு, பத்து வருஷம் போராடி 2021-ல் ஒழிச்சாங்க. 2022-ல் திரும்பவும் வந்துருச்சு.

ஹவாய்ல இதை ஒழிக்கிறேன்னு 1955-ல் நத்தை தின்னும் நத்தை ஒண்ணைக் கொண்டு வந்து விட்டாங்க. அது ராட்சதனை விட்டுட்டு, உள்ளூர் மர நத்தைங்களைத் தேடித் தேடித் தின்னுச்சு. எலி, காடழிப்புன்னு ஏற்கெனவே இருந்த அடி போதாதுன்னு இதுவும் சேர்ந்துச்சு. ஒரு இனத்துல கடைசியா மிஞ்சின ஒரே நத்தைக்கு 'ஜார்ஜ்'னு பேர் வெச்சு, ஆராய்ச்சிக்கூடத்துல தனியா பாதுகாத்தாங்க. 2019 ஜனவரி 1 அன்னிக்கு ஜார்ஜும் போயிட்டார். புத்தாண்டு அன்னிக்கு ஒரு இனமே முடிஞ்சுது.

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்துச்சு. "வெளியூர்லேர்ந்து வந்தா தப்பா சார்?"

"வெளியூர்க்காரன்கிறது குத்தமே இல்லை தம்பி. நம்ம காராசேவுல போடுற மிளகாயே அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்ததுதான். ஆனா, மிளகாயை நாம நட்டாத்தான் வளரும். சீமைக்கருவேலத்தை யாரு நடுறா? அதுவும் நல்லதுக்குன்னு கொண்டு வந்ததுதானே? இது நாலு கொம்பு முளைச்ச சீமைக்கருவேலம்னு வெச்சுக்கோங்க."

விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

அப்புறம் சார் கேட்ட கேள்விதான்...

"மொத்தம் எத்தனை இருந்துச்சு?"

"அஞ்சு சார்."

"இப்போ எத்தனை இருக்கு?"

"மூணு."

"மீதி ரெண்டு?"

வைப்பாத்துக் கரையில ஒரு ராத்திரி

மாமா ஊர் இருக்கன்குடி போற வழியில, வைப்பாத்துக் கரையை ஒட்டி. பைக்கை எப்படி ஓட்டினேன்னே தெரியலை. மாமாவுக்குச் சொத்துன்னா அந்த ஒரு ஏக்கர்தான். தை பொறந்ததும் வெள்ளரி விதை ஊன்றுவார். சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுப்பாங்களே, அந்தப் பிஞ்சு வெள்ளரி. அத்தை பட்டாசு ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. மூச்சுத்திணறல் வந்து நின்ன பிறகு, வீட்டுக்கு வருமானம் அந்த வெள்ளரிதான்.

வாண்டு வாசல்லயே நின்னான். "அத்தான், அது ரொம்ப நாத்தம் அடிச்சுச்சா... அம்மா தூக்கி வெளியே ஊத்திட்டாக."

மயாமி பாட்டி ஞாபகம் வந்தாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

அத்தை மேல என்ன தப்பு? "பாவம், பாட்டில்ல கெடந்து சாவுதேன்னு தோட்டத்துல விட்டேன்யா. புண்ணியம்னு நெனைச்சேன்"னாங்க. நான் எதுக்காக உப்புலேர்ந்து எடுத்தேனோ, அதே காரணம்.

மாமாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். முதல்ல சிரிச்சார். "ஒத்தை நத்தை என்னத்தைத் தின்னுரும் மருமகனே?" ஜவ்வரிசிக் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்னுச்சு. எழுந்திரிச்சு உள்ளே போனார். ரெண்டு டார்ச், நாலு சாக்கு. பேச்சே இல்லை.

சாக்கை நனைச்சு, அடியில பப்பாளி இலையைப் போட்டு, தோட்டத்துல நாலு இடத்துல விரிச்சோம். ராத்திரி மேய வர்ற நத்தை, விடியுறப்போ ஈரத்தைத் தேடிச் சாக்குக்கு அடியில ஒதுங்கும். சார் சொல்லிக் கொடுத்த வழி. ராத்திரி பத்து மணிக்குத் தொழுவத்துத் தண்ணித் தொட்டிக்கு அடியில முதல் ஜமீன் சிக்கிட்டார். பாலித்தீன் கவரைக் கையில மாட்டி எடுத்தேன். அப்படியே கொம்பை நீட்டி என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்? மொரீஷியஸ் தெரியுமா, மயாமி தெரியுமா? யாரோ தூக்கிட்டு வந்தாங்க, வந்தார். யாரோ விட்டாங்க, போனார்.

இன்னொண்ணு?

மூணு ராத்திரி தேடினோம். கல்லுக்கு அடியில, வைக்கோல் படப்புக்கு அடியில, வாய்க்கால் ஓரமா. வாண்டு அழுதுக்கிட்டே கூட வந்தான். முறுக்கு வகையறா நிறைய பேர் சாக்குல ஒதுங்கி இருந்தாங்க. ஒரு வாய்க்கால் ஓரத்துல மின்மினிப் புழு ஒண்ணு வாலுல பச்சை வெளிச்சத்தோட ஒரு பொடி நத்தையைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. மின்மினி பறக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, புழுவா இருக்கிறப்போ அதுக்குச் சோறே நத்தைதான்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். மருந்து இல்லாம, திரி இல்லாம எரியுற அந்த வெளிச்சத்துக்கு எங்க ஊர் நத்தைதான் சரக்கு!

ஆனா, அஞ்சாவது ஜமீன் கிடைக்கலை.

"செம்போத்து தூக்கிட்டுப் போயிருக்கும் மருமகனே. அது நத்தைன்னா விடாது"ன்னார் மாமா. எனக்கு ஆறுதல் சொல்றாரா, அவருக்கே சொல்லிக்கிறாரான்னு தெரியலை. செம்போத்து தின்னும்கிறது நிஜம்தான். ஆனா, மண்ணுக்குள்ள புதைஞ்சு, வாயைச் சீல் வெச்சுக்கிட்டு, அடுத்த மழை வரைக்கும் தூங்கவும் தெரியும் அதுக்கு. என் டப்பாவுல மத்த நாலு பேரோட ரெண்டு மாசத்துக்கு மேல இருந்தது. தனியா இருந்தாலும் அது தனி ஆள் இல்லை.

கொதிக்கிற தண்ணி

வீட்டுக்கு வந்ததும் அந்த முட்டை மொத்தத்தையும் பழைய அலுமினியச் சட்டியில கொட்டி, பின்வாசல்ல கல் கூட்டி, கொதிக்கிற தண்ணியை ஊத்தினேன். அம்மா கையில உப்பைப் பார்த்துப் பதறினவன் நான்தான். இப்போ என் கையில கொதிதண்ணி. அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க. "நான் ஊத்தட்டாடா?"ன்னாங்க. வேண்டாம்னுட்டேன். அதை நானேதான் செய்யணும்னு தோணுச்சு.

அடுத்த நாள் சமத்துவபுரத்தைக் கலைச்சேன். மௌன சாமிங்க நாலு பேரும் வேற வேப்பமரத்துக்குப் போயாச்சு. கதவு ரெண்டு பேரும் கண்மாய்க்கு. அப்படித் திருப்பி விடுறதுக்கு முன்னாடி சார்கிட்ட கேட்டேன். எல்லாத்தையும் ரெண்டு வாரம் தனித்தனியா வெச்சு, நோய் எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு, எங்கே எடுத்தோமோ அந்தப் பக்கத்துலயே விடச் சொன்னார். வேற ஊர் தோட்டத்துல விட்டா அதுவும் ஒரு குட்டி பென்சன் வேலைதானாம். முறுக்குங்க ஆறும் எங்க வீட்டுப் பின்வாசலுக்கே. அம்மா இப்போ உப்பு போடுறதில்லை. கீரைப் பாத்தியைச் சுத்தி முட்டை ஓடும் சாம்பலும் தூவுறாங்க. பெருசா பலன் ஒண்ணும் இல்லை, கவர் மாட்டின கையால பொறுக்கிக் குப்பைமேட்டுப் பக்கம் போட்டுட்டு, "எங்க போயிரப் போறான்... நம்ம ஊர்க்காரன்தானே"ன்னு முணுமுணுக்கிறாங்க.

ஜமீன் நாலு பேர்? "கொன்னுடுறது ஒரு வழி. கடைசி வரைக்கும் வெளியே விடாம வெச்சுக்கிறது இன்னொரு வழி. ரெண்டாவது கஷ்டம். அஞ்சாறு வருஷம் வாழும்"னார் சார். நான் கஷ்டத்தையே எடுத்துக்கிட்டேன். மூடிக்குப் பூட்டு. வாரம் ரெண்டு தடவை மண்ணைச் சலிச்சு முட்டை தேடணும். கிடைச்சா சட்டி. ரெண்டு பேர் போன கோடையில இறந்துட்டாங்க. ரெண்டு பேர் இருக்காங்க. சத்தியமா சொல்றேன், இப்போ அதுல ஜாலியே இல்லை. ஆனா, நான் எடுத்தது. நான்தானே வெச்சுக்கணும்?

உங்களுக்கும் நத்தையைப் பார்த்தா பாவமா இருக்கா? நல்லது. ஆனா, எடுக்கிறதுக்கு முன்னாடி அதோட பேரையும் ஊரையும் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேளுங்க. வெறுங்கையால தொடாதீங்க, தொட்டா சோப்பு. நர்சரித் தொட்டி வாங்கினா வேர் மண்ணை ஒரு தடவை கிளறிப் பாருங்க. முக்கியமா, "இந்தா, நீ வெச்சுக்கோ"ன்னு யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாதீங்க. 1847-லேர்ந்து அந்த ஒரு வார்த்தையாலதான் இவ்வளவும்.

மாமா தோட்டத்துல ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு. இதுவரைக்கும் புலிக்கோடு போட்ட ஒரு குஞ்சுகூடக் கண்ணுல படலை. செம்போத்துதான் ஜெயிச்சிருக்கும்னு நம்புறோம். ஆனாலும், ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் இடி இடிக்கிறப்பவும் எனக்கு வயித்துல ஒரு சின்ன கலக்கம். கொஞ்ச நேரத்துல போன் அடிக்கும்.

"மருமகனே, இங்கிட்டு நல்ல மழை. சாக்கு நனைச்சு வெச்சுட்டேன். நீ டார்ச்சை எடுத்துட்டு வந்துரு."